அலங்காரமே ஆவணம்: மும்பைக் கடற்கரையின் ஆர்ட் டெக்கோ கட்டடங்களும் 1930களின் நகர வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

மும்பை நகரின் ஓவல் மைதானத்தின் மேற்குக் கரையிலும் மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையிலும் 1930களில் எழுந்த ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்கள் இன்று பழைய வடிவமைப்பை விரும்புவோரைப் பெரிதும் ஈர்க்கின்றன. அக்கட்டடங்களின் வெளித்தோற்ற அழகை மட்டும் காணும் பார்வை அவற்றின் வரலாற்றைத் தவறவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வெயில்மறைப்பு, இரும்புக் கிராதி, தரை ஓடு, கட்டடப் பெயர், பின்புறப் படிக்கட்டு ஆகிய ஐந்து கூறுகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, நிலம், பொருள், முதலீடு, சமூக உறவு ஆகியவை அக்கட்டடங்களில் பதிவாகியுள்ள முறையை விளக்குகிறது. மும்பையில் அவை எஞ்சியதற்கான காரணங்களை ஆராய்ந்து, சென்னையின் அதே காலக் கட்டடங்கள் குறித்த ஆய்வுக்கு அதனால் விளையும் பயனையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆர்ட் டெக்கோ, மும்பை, கடல் தூர்த்தல், கான்கிரீட், அடுக்குமாடி வாழ்க்கை, மரபுச் சின்னப் பாதுகாப்பு.

முன்னுரை

தமிழில் கட்டடக்கலை வரலாறு என்றவுடன் நினைவுக்கு வருவன கோயில்களும் கோட்டைகளும் அரண்மனைகளும் ஆகும். காலனிய காலக் கட்டடங்களுக்கும் ஓரளவு இடம் உண்டு. ஆனால் 1920களுக்கும் 1950களுக்கும் இடையில் எழுந்த குடியிருப்புகள், திரையரங்குகள், காப்பீட்டு நிறுவன அலுவலகங்கள் ஆகியவை வரலாற்றாய்வின் எல்லைக்குள் அரிதாகவே வந்துள்ளன. அவை கல்வெட்டு உடையன அல்ல. மன்னர் பெயரோடு தொடர்புடையனவும் அல்ல. பல கட்டடங்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். இக்காரணங்களால் அவை வரலாறு ஆவதற்கு முன்னரே இடிபடும் நிலையில் உள்ளன.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வோர் பழைய வடிவமைப்பின் மீது பற்றுக்கொண்ட ஆர்வலர்கள். கடற்கரை நகரங்களில் நடந்து திரிந்து, ஒரு வாயிற்கதவின் சூரியக்கதிர் வடிவத்தையும் ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தையும் படமெடுத்துச் சேமிப்பவர்கள் அவர்கள். அவர்களது ஆர்வம் மதிக்கத்தக்கது. எனினும் அந்த ஆர்வம் வடிவத்தோடு நின்றுவிடும்போது, கட்டடம் அதன் காலத்திலிருந்து பிரிக்கப்பட்டு அழகிய பொருளாக மட்டும் எஞ்சுகிறது. ஆர்வலரின் கண் காண்பதை வரலாற்றாய்வாளரின் கேள்விகளோடு இணைப்பது இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா. அவ்வினாவிற்கு ஏற்ற களமாக மும்பை கொள்ளப்படுகிறது. ஆர்ட் டெக்கோ கட்டடங்களின் எண்ணிக்கையில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்த இடத்தில் மும்பை இருப்பதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அங்குள்ள கட்டடத் தொகுதி உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டுள்ளது.

பெயர் பிந்தியது

ஆர்ட் டெக்கோ என்னும் பெயரின் காலத்தை முதலில் தெளிவுபடுத்துவது இன்றியமையாதது. 1925-ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற நவீன அலங்கார, தொழிற்கலைகளின் பன்னாட்டுக் கண்காட்சியே இப்பெயருக்கு மூலம். ஆயினும் ஒரு முழுப் பாணியைக் குறிக்கும் சொல்லாக அது நிலைபெற்றது 1960களில்தான். 1968-இல் பெவிஸ் ஹில்லியர் எழுதிய நூல் அச்சொல்லை ஆங்கில உலகில் பரப்பியது. அதாவது, 1930களில் மும்பையில் இக்கட்டடங்களை எழுப்பியவர்கள் அவற்றை ‘ஆர்ட் டெக்கோ’ என்று அழைக்கவில்லை. அவர்களுக்கு அவை புதியவை, நவீனமானவை, அவ்வளவே.

இவ்வேறுபாடு சிறிதன்று. இன்றைய ஆர்வலர் ‘பழமை’ என்று கொண்டாடும் ஒன்று, தன் காலத்தில் பழமையை மறுத்து எழுந்தது. ஒரு கட்டடத்தைப் பழையது என்று மட்டும் கொள்வோமாயின், அது எதை மறுத்தது, எதை விரும்பியது என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. அக்கேள்விகளுக்கான விடை, கட்டடங்கள் நிற்கும் நிலத்திலிருந்தே தொடங்குகிறது.

கடலிலிருந்து எழுந்த நிலம்

மும்பை ஏழு தீவுகளின் இடைவெளிகளைத் தூர்த்து உருவான நகரம். அதன் மேற்கிலுள்ள பேக் பே என்னும் வளைகுடாவைத் தூர்க்கும் முயற்சி 1860களிலேயே தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் ஏற்பட்ட பருத்தி ஏற்றத்தில் செழித்த நிறுவனங்களுள் பேக் பே நிலமீட்பு நிறுவனமும் ஒன்று. 1865-இல் பங்குச்சந்தை வீழ்ந்தபோது அதுவும் வீழ்ந்தது.

இரண்டாம் பெரும் முயற்சி ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. 1920-இல் பம்பாய் வளர்ச்சித் துறை உருவாக்கப்பட்டு, கடற்சுவர் எழுப்பித் தூர்க்கும் பணி தொடங்கியது. செலவு பெருகியது, பணி பின்தங்கியது. வழக்கறிஞரும் காங்கிரஸ் தலைவருமான கே.எஃப். நாரிமன் அதன் முறைகேடுகளை வெளிப்படையாகச் சாடினார். திட்டத்தின் பொறியாளர் ஹார்வி தொடுத்த அவதூறு வழக்கில் நாரிமன் விடுவிக்கப்பட்டார். மக்கள் இத்திட்டத்தை ‘லாயிடின் மடமை’ என்று எள்ளினர். முதலில் திட்டமிட்ட பரப்பில் பாதிக்கும் குறைவான நிலமே அக்காலத்தில் மீட்கப்பட்டது.

அந்நிலமே 1930களின் கட்டடங்களுக்கு அடித்தளமாயிற்று. ஓவல் மைதானத்திற்கும் கடலுக்கும் இடையில் புதிதாகக் கிடைத்த மனைகள் அரசால் விற்பனைக்கும் குத்தகைக்கும் விடப்பட்டன. கட்டட உயரம், இடைவெளி, தெருமுக வரிசை ஆகியவற்றில் விதிகள் பின்பற்றப்பட்டன. மரைன் டிரைவில் இன்று நடப்பவர் காணும் சீரான உயர வரிசை தற்செயலானதன்று. அது ஒழுங்குமுறையின் விளைவு. தனித்தனி உரிமையாளர்கள், தனித்தனிக் கட்டடக் கலைஞர்கள், ஆயினும் ஒரே கோடு. அக்கோட்டை அழகு என்று காண்பது ஆர்வலரின் பார்வை. அதனை நிலவிற்பனையின் நிபந்தனையாகக் காண்பது ஆய்வாளரின் பார்வை. இரண்டும் ஒரே கோட்டையே காண்கின்றன.

மைதானத்தின் இரு கரைகள்

ஓவல் மைதானத்தின் நடுவில் நின்று கிழக்கே நோக்கினால் 1870களின் மும்பை தெரியும். பழைய தலைமைச் செயலகம், பல்கலைக்கழக நூலகமும் ராஜாபாய் கோபுரமும், உயர்நீதிமன்றம் ஆகியவை விக்டோரிய கோதிக் பாணியில் வரிசையாக நிற்கின்றன. கூர்மையான வளைவுகள், உயர்ந்த கோபுரங்கள், செதுக்கிய கல் ஆகியவை அவற்றின் மொழி. மேற்கே திரும்பினால் 1930களின் அடுக்குமாடி வீடுகள்: வளைந்த பால்கனிகள், கிடைமட்டக் கோடுகள், வெளிர்நிறச் சாந்துப் பூச்சு. எதிரெதிரான இவ்விரு தொகுதிகளையும் சேர்த்தே, பஹ்ரைனின் மனாமா நகரில் கூடிய உலக மரபுச் சின்னக் குழு 2018 ஜூன் 30 அன்று பட்டியலில் சேர்த்தது. 66.34 ஹெக்டேர் பரப்பில் 94 கட்டடங்கள் அத்தொகுதியில் அடங்கும்.

கிழக்குக் கரையில் இருப்பவை அரசின் கட்டடங்கள்: நீதி, நிர்வாகம், கல்வி. மேற்குக் கரையில் இருப்பவை பெரும்பாலும் தனியாரின் வீடுகள். கிழக்கில் அரசு தன்னைக் காட்டிக்கொண்டது. மேற்கில் நகரின் வணிக வர்க்கமும் நடுத்தர உயர்குடியும் தம்மைக் காட்டிக்கொண்டன. பார்சி, குஜராத்தி, மார்வாரி, முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் முதலீடு இவ்வரிசையில் கலந்துள்ளது. காலனிய அரசின் நீதிமன்றத்தை நேர் எதிரே நோக்கியபடி, அந்த அரசின் பாணியைப் பின்பற்றாத வீடுகளை அவர்கள் எழுப்பினர். இதனை நேரடி அரசியல் எதிர்ப்பு என்று கொள்வது மிகையாகும். ஆயினும் எந்த நவீனத்தைத் தமதாக்கிக்கொள்வது என்பதில் அவர்கள் செய்த தேர்வு இங்குத் தெளிவாகத் தெரிகிறது.

இம்மாற்றத்தை ஒரே குடும்பத்திலும் காணலாம். விக்டோரியா டெர்மினஸ் தொடர்வண்டி நிலையத்தை வடிவமைத்தவர் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். அவருடைய மகன் சார்லஸ் ஸ்டீவன்ஸ் 1933-இல் திறக்கப்பட்ட ரீகல் திரையரங்கை வடிவமைத்தார். தந்தை கோதிக்கின் உச்சத்தைத் தொட்டார். மகன் நகரின் முதல் ஆர்ட் டெக்கோ திரையரங்குகளுள் ஒன்றைத் தந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டில் நகரம் தன் முன்மாதிரியை மாற்றிக்கொண்டது.

கான்கிரீட்டும் கட்டடக் கலைஞரும்

இம்மாற்றத்தை இயலச்செய்தவை இரண்டு: ஒரு பொருள், ஒரு தொழில்.

பொருள் என்பது இரும்புக்கம்பி வலுவூட்டிய கான்கிரீட். கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பும் சுவர் தன் பாரத்தைத் தானே தாங்கவேண்டும். திறப்புகள் குறுகியவையாக இருக்கவேண்டும். கான்கிரீட் சட்டகத்தில் பாரத்தைத் தூண்களும் உத்தரங்களும் ஏற்கின்றன. எனவே தூணின்றி வெளியே நீளும் பால்கனி, கட்டடத்தின் மூலையிலேயே திறக்கும் சன்னல், வளைந்து செல்லும் முகப்பு ஆகியவை இயல்பாயின. இந்தியாவில் சிமென்ட் உற்பத்தியின் தொடக்கம் சென்னையோடு தொடர்புடையது. 1904-இல் வண்ணாரப்பேட்டையில் கடற்சிப்பிகளைக் கொண்டு சிமென்ட் செய்யும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அது நீடிக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே நிலைபெற்றது. போட்டியால் நலிந்த சிமென்ட் நிறுவனங்கள் பல 1936-இல் இணைந்து அசோசியேட்டட் சிமென்ட் கம்பெனிஸ் ஆயின. விற்பனையை வளர்க்க விரும்பிய சிமென்ட் தொழிலும் வீடு கட்ட விரும்பிய நடுத்தர வர்க்கமும் ஒரே காலத்தில் சந்தித்தன என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

தொழில் என்பது பயிற்சி பெற்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களின் எழுச்சி. பம்பாயின் சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றோர் 1917-இல் அமைத்த மாணவர் சங்கம் வளர்ந்து, 1929-இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. இக்கழகம் 1937-இல் பம்பாய் நகர மண்டபத்தில் ‘இலட்சிய இல்லம்’ என்னும் கண்காட்சியை நடத்தியது. சமையலறை, குளியலறை, அறைக்கலன், மின்விளக்கு ஆகியவற்றை நவீன முறையில் அமைத்துக் காட்டிய கண்காட்சி அது. கஜானன் மாத்ரே, சோராப்ஜி பேட்வார், மாஸ்டர் சாத்தே அண்டு பூட்டா நிறுவனத்தினர் முதலியோர் இக்காலத்தில் நகரின் தோற்றத்தை வடிவமைத்தனர். கோதிக் கட்டடங்களைப் பெரும்பாலும் ஆங்கிலேயரே வடிவமைத்தனர். அவற்றில் இந்தியரின் பங்கு பெரிதும் செதுக்கும் கைகளோடு நின்றது. ஆர்ட் டெக்கோவில் வரைபடமே இந்தியரின் கைக்கு வந்தது. பாணியின் மூலம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தாலும், அதனை உள்ளூர்த் தட்பவெப்பத்திற்கும் வாழ்முறைக்கும் இணக்கியவர்கள் இவர்களே.

கூறுகளை வாசித்தல்

ஆர்வலரின் கண்ணில் முதலில் படும் சிறு கூறுகள் சான்றுகளாக மாறும் முறையை இனிக் காணலாம்.

முதலாவது வெயில்மறைப்பு. சன்னல்களுக்கு மேல் புருவம்போல் நீண்டு, கட்டடத்தின் மூலையைச் சுற்றி வளைந்து செல்லும் மெல்லிய கான்கிரீட் பலகை இது. வடஇந்தியக் கட்டடங்களின் சஜ்ஜாவிற்கும் இதற்கும் உறவு உண்டு. மரைன் டிரைவ் வீடுகள் மேற்கு நோக்கியவை. பிற்பகல் வெயிலைத் தடுக்க மறைப்பு தேவை. ஆனால் ஓவல் மைதான வீடுகள் கிழக்கு நோக்கியவை. அவற்றிலும் அதே மறைப்பு உள்ளது. எனவே வெயில் ஒன்றே காரணமாக இருக்க முடியாது. தென்மேற்குப் பருவமழையின் சாரலைத் தடுத்தலும், கிடைமட்டக் கோட்டின் வேகத்தை முகப்பில் காட்டும் அக்கால விருப்பமும் இதில் இணைந்துள்ளன. பயனும் அழகும் பிரிக்க இயலாதவாறு ஒன்றிய இடம் இது.

இரண்டாவது இரும்புக் கிராதி. வாயிற்கதவுகளிலும் பால்கனிகளிலும் உதயசூரியன், உறைந்த நீரூற்று, அலை, பனைமரம் போன்ற வடிவங்கள் காணப்படுகின்றன. கப்பலின் கைப்பிடிக் கம்பிகளை ஒத்த கிடைக்கம்பிகளும் வட்டச் சன்னல்களும் பல கட்டடங்களில் உள்ளன. 1930களில் கடல் கடந்த பயணம் பெருங்கப்பல் வழியே நிகழ்ந்தது. கடலை நோக்கிய வீட்டின் பால்கனி ஒரு கப்பல் தளமாகக் கற்பனை செய்யப்பட்டது இயல்பே. உலகோடு தொடர்புடைய துறைமுக நகரத்து வணிகரின் தன்னுணர்வு அக்கம்பிகளில் பதிவாகியுள்ளது.

மூன்றாவது தரை. இக்காலக் கட்டடங்களின் உள்ளே வண்ணச் சிமென்ட் ஓடுகளும் டெராசோ தரையும் காணப்படுகின்றன. 1922-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட பாரத் டைல்ஸ் நிறுவனம், இறக்குமதி ஓடுகளுக்கு மாற்றாக உள்நாட்டு ஓடுகளைத் தரும் சுதேசி நோக்கத்தோடு எழுந்தது. வெளிநாட்டுப் பாணி முகப்பின் பின்னால் சுதேசித் தரை இருந்தது என்பது, அக்கால நடுத்தர வர்க்கத்தின் மனநிலையை எந்த உரையையும்விடச் சுருக்கமாகக் காட்டுகிறது.

நான்காவது கட்டடப் பெயர். எம்ப்ரஸ் கோர்ட், கோர்ட் வியூ, ரஜ்ஜப் மஹால், சிவ சாந்தி புவன், கேவல் மஹால், கபூர் மஹால் என்னும் பெயர்கள் முகப்பிலேயே புடைப்பெழுத்தில் அமைந்துள்ளன. கோர்ட் என்பது ஆங்கிலக் குடியிருப்பு மரபு. மஹால் என்பது அரண்மனையைக் குறிப்பது. புவன் என்பது வடமொழி வழிவந்தது. வாடகை அடுக்குமாடிக்கு மஹால் என்று பெயரிடுவது ஒரு தகுதிக் கோரிக்கை. எழுத்துகளோ அலங்காரமற்ற, தெளிந்த, அக்காலப் புது வடிவ எழுத்துகள். பெயர் மரபை நாடுகிறது. எழுத்துரு நவீனத்தை நாடுகிறது. இவ்விரண்டின் இழுவிசையே 1930களின் மும்பை எனலாம்.

குடியிருப்புகளுக்கு வெளியேயும் இவ்வாசிப்பு பொருந்தும். கோட்டைப் பகுதியில் 1936-இல் கட்டப்பட்ட நியூ இந்தியா அசூரன்ஸ் கட்டடத்தில் சிற்பி என்.ஜி. பன்சாரே அமைத்த புடைப்புச் சிற்பங்கள் உழவு, நூற்பு போன்ற தொழில்களைச் சித்திரிக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் எதிர்காலத்தின் மீதான நம்பிக்கையை விற்பது. அந்நம்பிக்கையை நாட்டின் உழைப்போடு இணைத்துக் காட்ட அது விரும்பியது.

திரையரங்குகள்

ஆர்ட் டெக்கோவைச் செல்வர்களின் வீட்டிலிருந்து பொதுமக்களின் அனுபவத்திற்குக் கொண்டுவந்தவை திரையரங்குகள். ரீகல் குளிரூட்டப்பட்ட அரங்காகவும் நிலத்தடி வாகன நிறுத்தம் உடையதாகவும் அமைந்தது. சோராப்ஜி பேட்வார் வடிவமைத்து 1938-இல் திறக்கப்பட்ட ஈராஸ், சர்ச்கேட் நிலையத்திற்கு எதிரேயுள்ள முக்கோண மனையில் இரு சிறகுகளாக விரிந்து, மூலையில் படிப்படியாகக் குறுகி உயரும் வட்டக் கோபுரத்தைக் கொண்டது. ஆக்ராவின் செம்மணற்கல் அதன் முகப்பில் பயன்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் மெட்ரோவைத் திறந்தது.

இவ்வரங்குகள் முதன்மையாக ஆங்கிலப் படங்களுக்கானவை. 1949-இல் திறக்கப்பட்ட லிபர்ட்டி அரங்கு அதே பாணியின் ஆடம்பரத்தை இந்திப் படங்களுக்கு அளித்தது. விடுதலை என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கிய அவ்வரங்கின் முதல் படம் மெஹபூப் கானின் ‘அந்தாஸ்’. 1933-க்கும் 1949-க்கும் இடையில் பாணி பெரிதாக மாறவில்லை. அது யாருக்காக என்பது மாறியது.

முன்படியும் பின்படியும்

ஐந்தாவது சான்று ஆர்வலரின் படங்களில் பெரும்பாலும் இடம்பெறாதது: பின்புறப் படிக்கட்டு. முன்வாயிலில் மின்தூக்கியும் பளபளக்கும் தரையும் உடைய கட்டடங்களின் பின்னால் பணியாளர்களுக்கெனத் தனிப் படிக்கட்டு அமைக்கப்பட்டது. துப்புரவுப் பணியாளரும் வீட்டு வேலை செய்வோரும் அவ்வழியே வந்து செல்லவேண்டும்.

இதன் பின்புலம் அடுக்குமாடி வீட்டின் அடிப்படைப் புதுமையோடு தொடர்புடையது. சால் எனப்படும் பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் கழிப்பறை பொதுவானது. அறைகளுக்கு வெளியே இருந்தது. புதிய அடுக்குமாடியில் கழிப்பறை வீட்டிற்குள் வந்தது. தூய்மை, தீட்டு பற்றிய சாதிவழிக் கருத்துகளில் ஊறிய குடும்பங்களுக்கு இது எளிய மாற்றமன்று. சமையலறைக்கும் கழிப்பறைக்கும் இடையிலான தொலைவு, பணியாளர் நுழையும் வழி ஆகியவை வரைபடத்திலேயே தீர்க்கவேண்டிய சிக்கல்களாயின. நவீன முகப்பும் பழைய படிநிலையும் ஒரே வரைபடத்தில் இடம்பெற்றன.

இச்செய்தி தமிழாய்வுக்கு நேரடித் தொடர்புடையது. தென் மும்பையில் ஓவல் பகுதி வளர்ந்த காலத்திலேயே வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் நடுத்தர வர்க்க அடுக்குமாடிகள் பெருகின. மாதுங்காவில் குடியேறியோருள் அலுவலகப் பணிக்காக வந்த தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியர் குறிப்பிடத்தக்கவர். அங்கு 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. வரலாற்றாய்வாளர் நிகில் ராவ் பம்பாய்ப் புறநகர் அடுக்குமாடி வாழ்க்கை பற்றிய தம் நூலில், ‘தென்னிந்தியர்’ என்னும் பொது அடையாளம் இப்பகுதியில் உருப்பெற்றதையும் அடுக்குமாடி அமைப்பையும் இணைத்து ஆராய்ந்துள்ளார். ஊரில் தெருவால் அடையாளம் பெற்றவர்கள் இங்கு மாடியால் அடையாளம் பெற்றனர். புலம்பெயர் தமிழர் வரலாற்றில் இந்தக் கட்டட வகைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

எஞ்சியது எவ்வாறு?

நிலவிலை மிகுந்த ஒரு நகரில் ஐந்தாறு மாடிக் கட்டடங்கள் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக நிலைத்தது வியப்பிற்குரியது. அழகை மக்கள் போற்றியதால் அவை நிலைத்தன என்பது முழு விடையன்று.

முதற்காரணம் வாடகைச் சட்டம். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940-ஆம் ஆண்டு நிலையில் உறையச் செய்தது. உரிமையாளருக்குப் பழுதுபார்க்கும் ஊக்கம் குறைந்தது; ஆயினும் குடியிருப்போரை வெளியேற்றி இடித்துக் கட்டுவதும் எளிதாக இல்லை. ஆகவே கட்டடங்கள் நலிந்தும் நிலைத்தும் இருந்தன. பாதுகாப்பை நோக்கமாகக் கொள்ளாத ஒரு சட்டம் பாதுகாப்பின் ஒரு பகுதியைச் செய்தது.

இரண்டாம் காரணம் நேரடியானது. 1995-இல் பெருமும்பைக்கு நடைமுறைக்கு வந்த மரபுச் சின்ன ஒழுங்குமுறை, இந்திய நகரங்களில் முதலாவது. கட்டடங்களையும் பகுதிகளையும் தரப்படுத்தி, மாற்றங்களுக்குக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது.

மூன்றாவது குடிமக்களின் முயற்சி. உலக மரபுச் சின்னப் பட்டியலுக்கான முன்மொழிவு குடியிருப்போர் அமைப்புகளின் தொடர் உழைப்பால் வளர்ந்தது. அதன் ஆவணத்தைக் கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா உருவாக்கினார். 2016-இல் தொடங்கப்பட்ட ஆர்ட் டெக்கோ மும்பை அறக்கட்டளை கட்டடம் கட்டடமாக ஆவணப்படுத்தி வருகிறது. ஆர்வலரின் பற்று ஆய்வாளரின் பட்டியலாக மாறியதற்கு இது சிறந்த சான்று.

எனினும் இடர் நீங்கவில்லை. கான்கிரீட்டைச் சாத்தியமாக்கிய இரும்பே அதன் பகையுமாகும். கடற்காற்றின் உப்பு நுண்துளைகள் வழியே கம்பியை அடைகிறது. துருவேறிய கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. கல்லால் ஆன கோதிக் கட்டடத்தைவிடக் கான்கிரீட்டால் ஆன ஆர்ட் டெக்கோ கட்டடம் இவ்வகையில் நலிவுமிக்கது. பழுதுபார்க்கும்போது மெல்லிய வெயில்மறைப்பு தடித்துவிடுகிறது. பால்கனி கண்ணாடியால் அடைபடுகிறது. மரச்சன்னலுக்குப் பதில் அலுமினியச் சன்னல் வருகிறது. கழற்றப்பட்ட கிராதி பழம்பொருள் கடைக்குச் செல்கிறது. அங்கு அதை வாங்குபவரும் பழைய வடிவமைப்பின் காதலரே. ஒரு கிராதி வரவேற்பறைச் சுவரில் தொங்கும்போது அதன் அழகு குறைவதில்லை. ஆனால் எந்தத் தெருவில், எந்தத் திசை நோக்கி, யார் வீட்டில் இருந்தது என்னும் செய்தி அழிந்துவிடுகிறது. இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கல்வெட்டிற்கு நேரும் இழப்பே இதற்கும் நேர்கிறது.

சென்னைக்கு ஒரு குறிப்பு

சென்னையும் கடற்கரை நகரம். அங்கும் இதே காலத்தில் இதே பாணி பரவியது. அரண்மனைக்காரத் தெரு எனப்படும் அர்மீனியன் தெருவில் எல்.எம். சிதாலே 1930களின் நடுப்பகுதியில் வடிவமைத்த ஓரியண்டல் காப்பீட்டுக் கட்டடம், பாரிமுனையில் 1940-இல் எழுந்த டேர் ஹவுஸ், எஸ்பிளனேடு பகுதியின் பர்மா ஷெல் கட்டடம் ஆகியவை அறியப்பட்டவை. இங்கும் காப்பீடு, எண்ணெய், வணிகம் ஆகியவையே முதலீட்டின் ஊற்று. ஆனால் மும்பையில் இப்பாணியின் மையம் குடியிருப்பு. சென்னையின் ஜார்ஜ் டவுனில் அதன் மையம் அலுவலகம். குடியிருப்பில் வாழ்வோர் அமைப்பாகத் திரண்டு முறையிட முடிந்தது. அலுவலகக் கட்டடத்திற்கு அத்தகைய குரல் இல்லை. இரு நகரங்களின் பாதுகாப்பு வரலாறு வேறுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நீதிபதி இ. பத்மநாபன் குழு தயாரித்த பட்டியலில் 400-க்கும் மேற்பட்ட சென்னைக் கட்டடங்கள் இடம்பெற்றன. 2010-ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றத் தீர்ப்பு அப்பட்டியலுக்கு முக்கியத்துவம் அளித்தது. தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டும் நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. இத்தகைய பட்டியல்களில் புகழ்பெற்ற பொதுக் கட்டடங்கள் எளிதில் இடம்பெறும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள, உதயசூரியக் கிராதியும் புடைப்பெழுத்துப் பெயரும் கொண்ட சிறு வீடுகள் எளிதில் விடுபடும். மாதுங்காவின் தமிழ் அடுக்குமாடிகளோடு இவற்றை ஒப்பிட்டு ஆராய்வது, தமிழ் நடுத்தர வர்க்கத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றுக்குப் புதிய சான்றுகளைத் தரும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழி அறியப்படுவன பின்வருமாறு:

1. ஆர்ட் டெக்கோ என்பது பின்னாளில் சூட்டப்பட்ட பெயர். இன்று பழமையாகப் போற்றப்படும் கட்டடங்கள் தம் காலத்தில் புதுமையின் கோரிக்கைகளாக எழுந்தன.

2. தூர்க்கப்பட்ட நிலம், உள்நாட்டுச் சிமென்ட், இந்தியக் கட்டடக் கலைஞர்களின் எழுச்சி, வணிக முதலீடு ஆகிய நான்கும் இணைந்ததால் மும்பைக் கடற்கரை இத்தோற்றத்தைப் பெற்றது.

3. அலங்காரக் கூறுகள் வரலாற்றுச் சான்றுகளாகும். அவற்றை உரிய இடத்தில் வைத்துக் காணும்போதே அவை சான்றாகும் தகுதியைப் பெறுகின்றன.

4. முகப்பை மட்டும் பதிவுசெய்யும் ஆவணம் குறையுடையது. பின்புறப் படிக்கட்டையும் சேர்த்துப் பதிவுசெய்யும்போதே அந்த நவீனம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது தெளிவாகும்.

5. மும்பைக் கட்டடங்கள் வாடகைச் சட்டம், மரபுச் சின்ன ஒழுங்குமுறை, குடிமக்கள் முயற்சி ஆகியவற்றின் கூட்டு விளைவால் எஞ்சின. அழகு மட்டும் எந்தக் கட்டடத்தையும் காக்கவில்லை.

தமிழகக் கடற்கரை நகரங்களின் 1930களின் கட்டடங்களைத் தெரு வாரியாகப் பட்டியலிடும் பணி உடனடித் தேவையாகும். கட்டடத்தின் பெயர், கட்டிய ஆண்டு, திசை, கிராதி வடிவம், தரை ஓடு, படிக்கட்டு அமைப்பு, முதல் உரிமையாளரின் தொழில் ஆகியவற்றைப் பதியும் எளிய படிவம் ஒன்றைக் கொண்டு பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளின் முதுநிலை மாணவர்களே இப்பணியைத் தொடங்க இயலும். கட்டடங்கள் நிற்கும்போதே அது செய்யப்படவேண்டும்.